இரண்டு மாதம் என்று சொன்னது

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 9, புதன்கிழமை, 1983.

அன்பு மகள் சந்திரவல்லிக்கு, உன் அப்பா மலைச்சாமி சொல்லச் சொல்ல டீக்கடைக் கன்னையன் எழுதும் கடிதம். உனக்கும், உன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடக்கிற உன் அம்மா பெரியம்மாளுக்கும் முருகன் துணை இருக்கட்டும். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் சுகம் என்று சொல்லவும் வரவில்லை. அதனால் மழையிலிருந்து தொடங்குகிறேன்.

போடி மெட்டில் எட்டு நாளாக மழை. ரோட்டில் மண் சரிந்து ஜீப்புகளெல்லாம் ஒரு பகல் முழுக்க வரிசையாக நின்றன. ஸ்டோரில் ஏலக்காய் காயவே மாட்டேன் என்கிறது. ஈர விறகை அடுப்பில் தள்ளினால் சூடு வருவதற்கு முன்னால் புகை வருகிறது. புகை பிடித்தால் காய் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும், கங்காணி வந்து கத்துவார். அவர் கத்துவதில் தப்பில்லை, அவரைப் பார்த்துக் கத்துவதற்கு மேலே ஒருவர் இருக்கிறார். இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், கன்னையன் பேனாவை மூடிவிட்டான். "அண்ணே, புள்ளைக்குக் கடுதாசி எழுதணும்னு கூப்பிட்டுட்டு எஸ்டேட்டு ரிப்போர்ட்டு சொல்றீகளே" என்றான். அவன் சொல்வது சரிதான். சொல்ல வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு வெரசாக வருகிறது.

இந்தக் காகிதம் போடியில் வாங்கியது. ஸ்டோர் பக்கம் போகவே இல்லை. வாடை இருக்காது, பயப்படாமல் படி.

போன வியாழக்கிழமை மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது என்னைப் பார்த்ததும் நீ சுவர்ப்பக்கம் திரும்பி வாந்தி எடுத்தாய். உனக்கு என் மேல் கோபம் என்று நினைத்துக் கதவோரமே நின்றுவிட்டேன். உன் அம்மாதான் வெளியே வந்து, "கோவமில்லைங்க, வாடை. அந்தச் செவப்பு மருந்து ஏத்துனதுலருந்து ஏலக்காய் வாடை பட்டாலே கொடலு வெளிய வந்துரும்போல இருக்கு அவளுக்கு. உங்க சட்டையெல்லாம் அதுதான்" என்றாள். பாலில் ஏலக்காய் தட்டிப் போடாவிட்டால் டம்ளரைத் தள்ளிவிடுவாயே நீ. முடி உதிர்ந்த தலையைப் பார்த்தபோதுகூட நான் தாங்கிக்கொண்டேன். வாய் முழுக்கப் புண்ணாகி நீத்தண்ணி மட்டும் இறங்குகிறது என்றபோதும் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியாமல் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் கண்ணாடி போட்ட டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உன் முழங்காலை டேப்பு வைத்து அளந்து, போட்டோ பிடித்து, பெரிய நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பாரே, அவர்தான். முன்பு ஒருநாள் நான் அவரிடம், "எம்புள்ளைய வெச்சுப் பழகுறீகளாம்மா?" என்று சண்டைக்குப் போனது உனக்கும் கேட்டிருக்கும். அவர் கோபப்படவில்லை. "பழகலைங்க, எழுதி வெக்கிறோம். உங்க பொண்ணுக்கு முன்னால இதே எலும்பு வியாதியோட பதினோரு பேர் வந்தாங்க. யாருக்கு எப்ப வீங்குச்சு, எந்த மருந்து எவ்வளவு தாங்குச்சுன்னு எழுதி வெச்சதாலதான் உங்க பொண்ணுக்கு எப்படிக் குடுக்கணும்னு எங்களுக்குத் தெரியுது" என்றார்.

வியாழக்கிழமை அந்த நோட்டு அவர் மடியில் இருந்தது. எம்புள்ளை பக்கத்தில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன். படித்துக் காட்டினார். பெயர் சந்திரவல்லி. வயது பத்தொன்பது. வேலை ஏலக்காய் எடுப்பு. வலது கால், முழங்காலுக்கு மேலே. வீக்கம் ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என்று இருந்தது.

அந்த இரண்டு மாதம் என் வாயிலிருந்து வந்தது. ஆனி மாதம் உன்னைக் கொண்டுவந்து சேர்த்த அன்று பெரிய டாக்டர் கேட்டார், நான் சொன்னேன். நீ பக்கத்தில்தான் படுத்திருந்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் சொன்ன கணக்கை இன்றுவரை உன் அம்மாவிடம்கூட நீ சொல்லவில்லை.

அந்தக் கணக்கு ஏன் என் வாயில் வந்தது என்று சொல்ல நீ பிறந்த கதைக்குப் போகவேண்டும். கன்னையன் பெருமூச்சு விடுகிறான், விடட்டும். நீ தலையால் பிறக்கவில்லை, காலை முன்னே நீட்டிப் பிறந்தவள். காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது நம் சனத்துக்கு நம்பிக்கை. ஏலக்காய் தூரில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து எடுக்கிற பொம்பளைகளில் இடுப்புப் பிடிக்காதவள் யார்? உனக்கு ஏழு வயசிலிருந்து லயத்து வாசலில் குப்புறப் படுப்பார்கள், நீ வலது காலால் மூன்று தடவை உதைப்பாய், எழுந்து போவார்கள். கங்காணிக்கே ஒருநாள் பிடித்துக்கொண்டு அவரும் வந்து படுத்தார். நீ உதைத்த உதையில் அவர் "ஆத்தாடி" என்று கத்த, உன்கூடக் காய் எடுக்கிற பேச்சி எட்டூருக்குக் கேட்கிற மாதிரி, "ஏ சந்திரா, மூணோட நிறுத்தாத, எங்க எல்லாருக்கும் சேத்து ஒண்ணு குடு" என்றாளே. அன்று சிரித்த சிரிப்பில் யாருக்கும் இடுப்பு வலிக்கவில்லை.

தை மாதம் உன் முழங்காலுக்கு மேலே வீங்கியபோது என் புத்தி அங்கேதான் போனது. ஊரார் பிடிப்பெல்லாம் உன் காலில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் இறங்கிவிடும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போன வருசம் நீ உதைத்தவர்களை விரல் விட்டு எண்ணினேன், நாற்பத்திரண்டு பேர். ஒவ்வொருவராக வந்து உன் முழங்காலைத் தொட்டு, அந்தக் கையைத் தங்கள் இடுப்பில் தடவிக்கொண்டு போகவேண்டும் என்றேன். அவர்களும் முகம் கோணாமல் வந்தார்கள்.

ஆனால் மாசியில் எடுப்பு முடிந்து பாதிப் பேர் மலையிறங்கிப் போய்விட்டார்கள். நான் பஸ் பிடித்துச் சிலமலை, தேவாரம் என்று வீடு வீடாகத் தேடிப்போய்க் கூட்டிவந்தேன். கடைசியில் ஒரே ஒருத்தி, தேவாரத்து மொக்கம்மாள். அவளைக் கூப்பிடப் போன நேரம் சோளக்காட்டில் யானை இறங்கி, இரண்டு நாள் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. நான் இன்னொருத்தர் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு யானை போகக் காத்திருந்தேன். நீ லயத்தில் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் கிடந்தாய்.

நீ கேட்டாய். பங்குனியில் ஒருதரம், சித்திரையில் ஒருதரம். "அப்பா, ஆசுபத்திரிக்குப் போவமா?" என்றாய். "இன்னும் பதினாலு பேருதான் ஆத்தா பாக்கி" என்றேன். இரண்டாவது தடவை, "இன்னும் ஆறு பேரு" என்றேன். மொக்கம்மாள் வந்து தொட்டுப்போன மறுநாள் வீக்கம் குறையவில்லை, தோல் மினுமினுவென்று ஆகிவிட்டது. அப்போதுதான் ஜீப்பு ஏறினோம்.

இதையெல்லாம் பெரிய டாக்டர் முன்னால் எப்படிச் சொல்வேன்? அத்தனை பேர் நின்றார்கள். வாய் தானாக இரண்டு என்றது.

வியாழக்கிழமை பெஞ்சில் வைத்து டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அது ரெண்டு மாசமில்லம்மா, அஞ்சு மாசம். தப்பா எழுதிட்டீக, நாந்தான் தப்பாச் சொன்னேன்" என்றேன். என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் இரண்டை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். பிறகு, "இப்பவாவது சொன்னீங்களே" என்று எழுந்து நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனார்.

மறுநாள் காலையில்தான் உன்னிடம் காலை எடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று வரைக்கும் கால் புண் ஆறட்டும் என்றவர்களுக்கு இன்றைக்கு என்ன அவசரம் என்று நீ கேட்டாயாம். ஜீப்பு ஓட்டுகிற சுடலை மதுரைக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னான். அந்த அவசரத்துக்குக் காரணம் நான்தான் ஆத்தா. வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா திரும்பி வந்து எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். கட்டி இருந்த எலும்பை வெட்டிவிட்டுக் கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். உள்ளே சீழ் வைத்துவிட்டது. மருந்து ஏற்றி ஏற்றி ரத்தத்தில் எதிர்த்து நிற்கிற வலு குறைந்துபோனதால் புண் ஆறவில்லை. சீழ் இருக்கும்வரை அடுத்த மருந்தை ஏற்ற முடியாது. மருந்து நின்றால் வியாதி நெஞ்சுக்கு ஏறும். இரண்டு மாத வியாதி என்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பார்களாம். ஐந்து மாதம் என்றால் பொறுக்கிற வேளை போய்விட்டது.

நீ கையெழுத்துப் போடமாட்டேன், பேர் வெட்டி ஊருக்கு அனுப்புங்கள் என்று சொன்னதாகவும் சுடலை சொன்னான். சொல்லிவிட்டு ரோட்டோரம் நின்று அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. நான் பொழுது விடிந்ததும் சிலமலைக்குப் பஸ் ஏறினேன்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று டாக்டரம்மா விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். பெயர் வீரலட்சுமி. வயது இருபத்தாறு. நாலு வருசத்துக்கு முன்னால் அவளுக்கு இடது கால் தொடையோடு எடுத்தது. இப்போது தினமும் பஸ்சில் போடிக்கு வந்து ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறாள். நான் போனபோது வாசலில் கம்பை ஊன்றி நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் என் கண் கீழேதான் போனது.

"மாட்டுச் சந்தையில பல்லைப் பாக்குற மாதிரிப் பாக்காதீக மாமா. கேக்கணும்னா கேளுங்க" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஒத்தக் கால்ல எப்படித் தாயி நிக்கிற?" என்று கேட்டேன்.

"கோழி நிக்கல? கொக்கு நிக்கல? அதுகளுக்கு ரெண்டு இருந்தும் ஒண்ணைத் தூக்கிட்டுத்தான நிக்குதுக" என்றாள்.

கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். பெண் பார்க்க ஒருத்தன் வந்தானாம், பாவம் பார்த்துக் கட்டிக்கிறேன் என்றானாம். "பாவம் பாக்குறவனுக்கு வடிச்சுக் கொட்ட என்னால ஆகாதுன்னு அனுப்பிட்டேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் ஒன்று சொன்னாள். "புள்ளைய சம்மதிக்க வெக்கிறேன்னு பொய் சொல்லிப்புடாதீக மாமா. வலிக்கும்னு சொல்லுங்க. எடுத்த பெறகும் இல்லாத காலு அரிக்கும், இல்லாத வெரலு வலிக்கும். சொறியக் கையைக் கொண்டு போனா அங்க ஒண்ணுமிருக்காது. சின்னப் புள்ளைக வெறிச்சுப் பாக்கும். மழையில வழுக்கி விழுகணும். எடுத்த அன்னைக்கு எங்கம்மாளை நான் ஏசுன ஏச்சு ஆசுபத்திரி பூராக் கேட்டுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டு, நாலு தீபாவளி பாத்துட்டேன், அஞ்சாவது வருதுன்னும் சொல்லுங்க."

அவள் சொன்னதை ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா அந்தப் பதினோரு பேருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருதரம் கடிதம் போடுகிறாராம். நாலு பேரிடமிருந்துதான் பதில் வருகிறதாம். நாலு பேருமே காலை எடுத்து, மருந்தையும் முழுக்க ஏற்றிக்கொண்டவர்கள். அப்படிச் செய்தும் பதில் வராதவர்கள் இரண்டு பேர் உண்டு. காலோடு ஊருக்குப் போனவர்கள் ஒருத்தரிடமிருந்தும் பதில் இல்லை.

என் கைநாட்டு செல்லுமா என்று வியாழக்கிழமையே கேட்டுப் பார்த்தேன். உனக்குப் பத்தொன்பது வயது ஆகிவிட்டது, உன் கையெழுத்துத்தான் வேண்டும் என்றார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் போடச் சொல்கிறார்கள் என்று சுடலை சொன்னான். நாளைக் காலையில் சுடலை இதை உன் கையில் தருவான். ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். நீ உள்ளே விடமாட்டேன் என்றால் வராந்தாவிலேயே இருக்கிறேன்.

ஆத்தா, என்னை மன்னித்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. நீ குணசாலி, கேட்டால் உடனே கொடுத்துவிடுவாய். கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து படுத்துக்கொள்வாய். எனக்கு அது வேண்டாம். சித்திரையில் நீ கேட்டபோது நான் கூட்டிப் போகவில்லை என்ற கோபம் உனக்குள் இருக்கிறது. அதை நீ என்னிடம் காட்டியதே இல்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கையெழுத்தைப் போடு. காலை எடுக்கட்டும், மருந்தை முழுக்க ஏற்றட்டும். வீட்டுக்கு வா. வந்து என்னை ஏசு. காலையில் ஏசு, சோறு வைக்கும்போது ஏசு, நாலு பேர் முன்னால் ஏசு. எனக்கு மறதி வந்து நான் செய்ததை நானே மறந்துபோனாலும், நீ பக்கத்தில் இருந்து ஞாபகப்படுத்தி ஏசு. நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நூறு வருசம் நன்றாக இரு தாயி. எனக்குப் பிறகும் இருந்து ஏசு.

இப்படிக்கு,
உன் அப்பா
மலைச்சாமி
(கைநாட்டு)