மர்டோவின் மூச்சு

ஜூன் 4, செவ்வாய்

ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் பட்டை ஒட்டி முடித்தேன். நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், இந்தச் சவுத்லாந்தில், இப்போதுதான் குளிர்காலம் ஆரம்பம். இனி செப்டம்பர்வரை ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது. வெளியே உறைபனி, உள்ளே விறகடுப்பும் வெனிலா வாசமும். மர்டோவைக் கட்டிக்கொண்டு இந்தப் பண்ணைக்கு வந்த எட்டே மாதத்தில் ஆட்டு நாற்றத்தை விரட்டியிருக்கிறேன், சும்மாவா? கூடத்தில் மெழுகுவர்த்தி, நடையில் மின்பிளக்கில் சொருகிய லாவெண்டர் வாசனைக் குப்பி, படுக்கையறையில் வாசனை எண்ணெயை ஆவியாக விடும் கருவி. பக்கத்துப் பண்ணைக்காரி நொயலின், உள்ளே வராமல் வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சி, "என்னடி க்ளெனிஸ், இது வீடா, சோப்புக் கடையா?" என்றாள். பொறாமை.

ஜூன் 9, ஞாயிறு

மர்டோவுக்கு விடிய விடிய இருமல். கேட்டால், "ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்." சவுத்லாந்து ஆம்பளைகளுக்குக் கால் ஒடிந்தாலும் இதே பதில்தான். கருவியில் யூகலிப்டஸ் எண்ணெய் பத்துச் சொட்டு கூடுதலாக விட்டேன்.

ஜூன் 13, வியாழன்

மர்டோ இனி ஆட்டு ரோமம் கத்தரிக்க வருகிறவர்கள் தங்கும் கொட்டகையில் படுத்துக்கொள்கிறானாம். "விடியறதுக்கு முன்னாடி ஆடுங்க புதுப் புல் மேய வேலிய நகத்தி வைக்கணும். உன் தூக்கம் எதுக்குக் கெடணும்?" நல்ல கரிசனம்.

ஜூன் 17, திங்கள்

நாலு ராத்திரி ஆயிற்று. தலையணையையும் கொண்டுபோய்விட்டான்.

ஜூன் 20, வியாழன்

முதல் புருஷன் பிரையனும் இப்படித்தான் ஆரம்பித்தான். முதலில் சோபா, அப்புறம் தம்பி வீடு, அப்புறம் டனீடின் நகரத்தில் எவளோ ஒருத்தி. ஐம்பத்தாறு வயதில் இன்னொரு தடவையா? மர்டோ சாப்பிட வருகிறான், தட்டைக் கழுவி வைக்கிறான், கன்னத்தில் ஒரு முத்தம், ஓட்டம். என்கிட்ட என்னடா குறை? சொல்லித் தொலையேன்! பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போ.

ஜூன் 22, சனி

சீஸ் ரோல் சுட்டு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் உத்தேசம், ரோல் ஒரு சாக்கு. அவன் இல்லை. அந்தக் குளிரில் ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. கட்டிலில் நீல இன்ஹேலர், ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்று, மழை அளவும் செத்த ஆடும் குறித்து வைக்கும் அவனுடைய நோட்டு.

"ஜூன் 10, வீடு, 310. 14, கொட்டகை, 400. 16, கொட்டகை, 430. 17, வீட்டில் சாப்பிட்டு வந்த பிறகு, 340." பக்கம் முழுக்க இதுதான்.

திரும்பினால் வாசலில் சேற்றுக் காலோடு நிற்கிறான்.

"என்ன இது?"

"மூச்சு. எங்கெங்க இருக்கறப்ப எவ்வளவு ஊத முடியுதுன்னு நர்ஸ் எழுதச் சொன்னா. உன் வாசனையெல்லாம் எனக்கு ஆகல போலிருக்கு."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீ ஆசை ஆசையா வெச்சது. எடுக்கச் சொன்னா, ஆட்டு நாத்தம் தாங்காம நீ கிளம்பிப் போயிடுவியோன்னு..."

அடப்பாவி! "நான் போயிடுவேன்னு நீ வந்து இங்க ஒளிஞ்சுக்கிட்டியா? மூச்சு முட்டினா வாயைத் திறந்து சொல்ல மாட்டியா, மனுஷா?" கத்தினேன், அழுகையும் வந்துவிட்டது.  அவன் நின்றபடியே ஒரு ரோலைச் சாப்பிட்டான்.

ஜூன் 25, செவ்வாய்

நர்ஸ் ஆரோஹாவிடம் இரண்டு பேருமாகப் போனோம். "வாசனை வந்தா காத்து சுத்தமாயிட்டதுன்னு அர்த்தம் இல்லீங்க. உள்ள இருக்கறதோட இன்னொண்ணு சேருது, அவ்வளவுதான். நீங்க ஜன்னலையும் அடைச்சிட்டீங்க," என்றாள். இயற்கை எண்ணெய்தானே என்று கேட்டேன். ஆஸ்துமாக்காரர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். யூகலிப்டஸ் பத்துச் சொட்டு கதையையும் ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை, நல்லவள். மர்டோதான் சிரித்தான். அவனுக்குத் தினமும் இழுக்க வேறொரு மருந்தும் கொடுத்திருக்கிறாள்.

ஜூன் 27, வியாழன்

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஜன்னல் பட்டைகளையும் கிழித்தாயிற்று. இப்போது ஈர நாய், ஆட்டுக்கொழுப்பு, ரோமம், எல்லாம் சேர்ந்து அடிக்கிறது. இது அவன் வீடு, நான் விருந்தாளி என்று தோன்றியது. கொஞ்சம் அழுதேன். தப்பா?

ஜூலை 3, புதன்

இன்னும் கொட்டகைதான். துணியிலெல்லாம் அந்த வாசனை ஊறிப்போயிருக்கிறது. திரைச்சீலைகளை மூன்றாம் முறை துவைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

மதியம் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். சாப்பிட்டதும் மர்டோ எங்கள் கட்டிலில் சாய்ந்தான், சும்மா அஞ்சு நிமிஷம் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன். ஜன்னல் நாலு விரல் திறந்திருந்ததால் இரண்டு பேர் தலையிலும் கம்பளித் தொப்பி. அஞ்சு நிமிஷம் இரண்டு மணி நேரமாயிற்று. இருமல் ஒன்றுகூட இல்லை, ஆனால் அப்படியொரு குறட்டை! ஒரு வரி படிக்க முடியவில்லை. விலாவில் ஒரு குத்து விட்டேன்.

"போய் உன் கொட்டகையில தூங்கேன்!"

"மாட்டேன்," என்றான் கண்ணைத் திறக்காமலே. போர்வை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.