பெரிய எல், சின்ன எல்

பீரோவைக் காலி செய்தபோது பழைய ஃபிளாப்பி ஒன்று கையில் அகப்பட்டது. ஓரம் மடங்கிய கருப்புச் சதுரம். மேலே ஒட்டிய தாளில் உன் கோணல் கையெழுத்து: ‘ஓடும். நம்பாதே.’ இதைப் போட்டுப் பார்க்க இன்று என்னிடம் இயந்திரம் கிடையாது. தூக்கி எறியவும் கை வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்டா.

எண்பதுகளின் கடைசி அது. புதுச்சேரியில் நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். கீழே நான், மாடியில் நீ. நான் இங்கே தட்டினால் உன் திரையில் எழுத்து விழும், நீ தட்டினால் என் திரையில். அந்த நிரலை வெளிநாட்டில் யாரோ எழுதி, நாமே திருத்திக்கொள்ளும்படி அதன் மூல வரிகளையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். பிழை கண்டால் திருத்தி எங்களுக்கும் எழுதுங்கள் என்று ஒரு குறிப்பு. ஒழுங்காக ஓடுகிற பதிப்பு ஒன்று வரும், இன்னும் வேகாத சோதனைப் பதிப்பு ஒன்று வரும். எனக்கு எப்போதும் வேகாததுதான் வேண்டும். “ஓடறத ஏன்டா நோண்டற?” என்று மாடியிலிருந்து கத்துவாய். கத்திவிட்டு நீயே இறங்கி வந்து என்னோடு பிழை பிடிப்பாய். திருத்தங்களை ஏர்மெயிலில் போட்டுவிட்டு, தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

திரையில் தமிழ் வராது. ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டினோம். அதற்கு ஏற்பாடு செய்தவன் நீ. சின்ன எல் என்றால் ‘ல’. பெரிய எல் என்றால் ‘ள’வும் அதுதான், ‘ழ’வும் அதுதான். “ழவுக்குத் தனியா வேணாமா?” என்று கேட்டேன். “நம்ம ஊர் வாயில ரெண்டும் ஒண்ணுதானேடா, போடா” என்று சிரித்தாய்.

அப்புறம் உன் தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் குரலையே எடுத்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று நீ தட்டிய முதல் வரி, “இனிமே நீதான்டா கத்தணும்.” அதுவரை விளையாட்டாக வைத்திருந்த நிரல்தான் அன்றிலிருந்து உன் வாய். அதைத் தெரிந்தே நோண்டினேன் பார், பாவி நான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் புதிய சோதனைப் பதிப்பை ஏற்றினேன். நீ டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே ஆபீசுக்கு வந்து மாடிக்குப் போய்விட்டாய். வாரக்கணக்காக உனக்குக் கழுத்தில் வலி. “எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னாரு?” என்று தட்டினேன். என் திரையில் பதில் வந்தது: vali illa.

வலி இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. “அப்படிப் போடு! ஞாயித்துக்கிழமை உன் வீட்ல மீன் கொழம்பு” என்று தட்டினேன்.

அதற்குப் பதில் வரவில்லை. நிரல் நின்றுபோய்விட்டது என்று நினைத்தேன், சோதனைப் பதிப்புகள் அப்படித்தான் பாதியில் நிற்கும். இயந்திரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மூலத்தை அச்செடுத்து வரி வரியாகத் தேடினேன். மாலையில் மேலே வந்து பார்த்தால் உன் நாற்காலி காலி. மறுநாளும் நீ வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. வலி விட்டதில் நன்றாகத் தூங்குகிறான் என்று சந்தோஷமாக, நிரல் ஏன் நின்றது என்று இல்லாத ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அரியாங்குப்பம் வீட்டிலிருந்து உன் மனைவி வந்தாள். கையில் நீ எழுதிக் காட்டிய துண்டுத்தாள். “டாக்டரே கைய விரிச்சிட்டாரு. பொழைக்க வழியில்லன்னு எங்க வீட்டுக்காரரு தட்டினதுக்கு, அப்படிப் போடுன்னீங்களாமே. இன்னாண்ணா இது? மனுசன் மூணு நாளா சொவத்தையே பாத்துக்கினு இருந்தாரு. நேத்து ராத்திரி ஆஸ்பத்திரில சேத்துட்டோம், நெனவில்ல.”

நீ தட்டியது vaLi. பெரிய எல். உன் திரையில் அது சரியாகவே தெரிந்திருக்கிறது. என் திரைக்கு வரும் வழியில் அந்தப் பதிப்பு பெரிய எழுத்தையெல்லாம் சின்னதாக்கிவிட்டது. நீ சொன்னது வழி, நான் படித்தது வலி.

ஆஸ்பத்திரியில் உன் காதருகே குனிந்து, “எழுத்து மாறிடுச்சிடா, நான் வலின்னு படிச்சிட்டேன்டா” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நர்ஸ் என்னைப் பைத்தியம்போலப் பார்த்தாள். நீ கண் திறக்கவில்லை. மறுநாள் விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நம்பாதே என்று எழுதி ஒட்டியவனே, அந்த நிரலை நம்பிவிட்டு என்னைச் சந்தேகப்பட்டாயே! ஒரு தடவை கீழே இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா?

பிழை ஒரே வரியில் இருந்தது. திருத்தி அனுப்பினேன். அடுத்த பதிப்போடு வந்த குறிப்பில் ‘சிறு பிழைகள்’ என்ற தலைப்பின் கீழே போட்டு, பாண்டிச்சேரிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் எதற்கும் திருத்தம் அனுப்பவில்லை.

நமக்கு நடுவே இருந்தது இருபது படிக்கட்டு. நல்ல செய்தி என்று நினைத்தபோதாவது நான் ஓடி வந்திருக்க வேண்டாமா? அன்று உனக்கு நான் தட்டியிருக்க வேண்டிய பதிலை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பெரிய எல்லும் வேண்டாம், சின்ன எல்லும் வேண்டாம் அதற்கு. “இருடா, மேல வரேன்.”