கை நனைத்த வீடு

8 மார்ச் 1955, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அண்ணன் வீரையா காத்திருக்கிறார். செல்லக்கிளிக்கு மதுரையில் மாப்பிள்ளை. மில்லில் கணக்கு வேலை, தெப்பக்குளத்துத் தென்கரைப் பக்கம் வீடு.

"பையனப் பாத்தாச்சு. இன்னும் என்ன ஆத்தா?"

வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காள் மொக்கம்மாளை ஏலத்தோட்டத்தில் கட்டிக்கொடுத்தபோதும் மாப்பிள்ளையை மட்டும்தான் பார்த்தார்கள். போடிமெட்டுக்கு மேலே ஏறி அந்த வீட்டை யாரும் பார்க்கவில்லை. மலைக்காய்ச்சலில் கிடந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை; மாமியார் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டாளாம். அவள் விட்டுப்போன கைக்குழந்தைதான் செல்லக்கிளி. வளர்த்தவள் நான். இவளையும் கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கவா? மாட்டேன்.

10 மார்ச்

அண்ணன் இறங்கி வந்தார். "தெருவப் பாத்துட்டு வெரசா வந்துரு. பேச்சு முடியுமுன்னே அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிச்சிராத. கை நனைச்சா சம்மதம்னு ஆயிரும்."

எனக்கா தெரியாது?

13 மார்ச், ஞாயிறு

மதுரை என்றால் எனக்குக் கோயிலும் கடைத்தெருவும்தான். இந்தப் பக்கம் வேறு ஊர் மாதிரி இருக்கிறது. வற்றிய தெப்பக்குளத்தில் மாடுகள் மேய்கின்றன. வேப்பமரத்தடியில் ஒருவர் அவசரமே இல்லாமல் சட்டை தேய்க்கிறார். தரகர் தெருவின் பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தார். அதைத் தேடாமல் குளத்தைச் சுற்றினேன், சந்து சந்தாக நடந்தேன். இப்படி வேலையில்லாமல் நடந்து எத்தனை வருஷம்! வந்த காரியமே மறந்துபோனது.

உச்சி வெயிலில் கண் இருட்டியது. ஒரு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தாள். குடித்தேன். கட்டிலில் ஒரு பெண் எலும்பாகக் கிடந்தாள். அந்த அம்மாள் சீப்பை எடுத்து அவள் தலையைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"மூத்த மருமக. விசக்காய்ச்சல் வந்து இப்பத்தான் தேறுறா. ஆத்தா வீட்டுக்கு அனுப்பிருன்னாக. நாம இருக்கையில எதுக்கு? நீங்க எந்த ஊரும்மா?"

"போடி."

"அட, எங்க சின்னவனுக்கும் போடியிலதான் பேசிக்கிட்டிருக்கு. ஒரு டீச்சரம்மா வளத்த பொண்ணாம்."

காலிச் செம்பு என் கையில் இருந்தது. ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த டீச்சர் நான்தான் என்று ஏன் சொல்லவில்லை?

14 மார்ச்

அண்ணனிடம் சம்மதம் என்றேன். மோரைச் சொல்லவில்லை.

3 ஏப்ரல், ஞாயிறு

மதுரைக்காரர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். எனக்கு உயிர் போனது.

"பேசி முடிச்சிட்டு எல போடலாம்" என்றார் அண்ணன்.

"பேச என்ன இருக்கு? தங்கச்சிதான் அன்னைக்கே எங்க வீட்டுல கை நனைச்சிட்டாகளே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இலை எடுக்கப் போனேன்.

27 மே

கல்யாணம் முடிந்தது. ரயில் ஏறும்போது செல்லக்கிளி அழுதாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

17 ஆகஸ்ட், புதன்

மதுரைக்கு ஏலக்காய் லோடு கொண்டுபோகும் சுடலை காலையில் வந்தான். செல்லக்கிளிக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். பையை எடுத்துவிட்டேன்.

"கூட ஆரு இருக்கா?"

"மாமியாதான் டீச்சர். நான் போகையில தலவாரி விட்டுக்கிட்டு இருந்துச்சு."

பையைக் கீழே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது.