முளைப்பாரிப் படத்தில் நீ சிரித்தது

ஜங்லிகாட்,
போர்ட் பிளேர்.

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உனக்கு முதுகுவலி விட்டதா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே ஸ்வேதா என்று ஓவியம் படித்த பெண் ஒரு கண்காட்சி வைத்திருக்கிறாள். ஒயரிங் வேலை எனக்கு. வெள்ளைச் சேலைகளைத் தொங்கவிட்டு, அவற்றில் முளைப்பாரி வரைந்து, அதன்மேல் யாரோ எப்போதோ எடுத்த கும்மிப் படத்தை ஓட விட்டிருக்கிறாள். பார்த்தால் உங்கள் ஊர்க் கோயில் திடல்! ஓரத்தில் இருந்த தேதி நம் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். கும்மியில் மூன்றாவது ஆள் நீ. சுற்றி வரும்போது கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு.

“அண்ணா, இந்த அக்கா சிரிக்கிறது அச்சா இருக்குல்ல? அத மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கேன்” என்றாள் ஸ்வேதா.

என் பெண்டாட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்யூஸ் போய்விட்டது என்றேன். அரை மணி நேரம்தான்.

கோபமெல்லாம் இல்லை. பதினெட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து நீ அப்படிச் சிரித்ததில்லை, அவ்வளவுதான். கேமராவுக்குப் பின்னால் நின்றவன் யார்?

சுண்டைவற்றல் தீர்ந்துவிட்டது, பார்சல் போடு. கண்காட்சி ஹாலில் கூப்பிடுகிறார்கள். அப்புறம், அதே மாதிரி சிரித்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. செல்ஃபியாக நீயே எடு. வேறு யாரும் எடுக்க வேண்டாம்.

பூமிநாதன்