வடிகட்டி எடுத்த சத்தம்

நேற்று உன் அக்கா கொடுத்துவிட்டுப் போன பேஸ் கிட்டாரின் உறையை இன்று மதியம்தான் திறந்தேன். பழைய கம்பிகளின் இரும்பு வாசம் விரலில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. வருஷக்கணக்காகக் கம்பி மாற்றாத கஞ்சன் நீ. கேட்டால், "புதுக் கம்பி ரொம்பப் பேசும் மக்கா, நீ பேசுததே போதும்" என்பாய்.

மும்பை செம்பூரில் உன் அறையில் உனக்கு ஒரு கம்ப்யூட்டர், எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் தாராவித் தமிழிலும் இந்தியிலும் ராப் சொல்ல, நீ ஹிப்-ஹாப் தாளத்துக்கு அடியில் ஜாஸ் சுரங்களை நுழைப்பாய். ஒருநாள் ஓர் ஆப்பிரிக்கத் தாளத்தைப் போட்டாய். எனக்குப் பிடிபடவில்லை. "என்னலே முழிக்க? கோயில் கொடைல நையாண்டி மேளத்துக்கு ஆடுனவன்தான நீ? அதேதான். இவங்க கொஞ்சம் நிதானமா அடிக்காங்க." அதற்கப்புறம் என் கால் தானாக ஆடியது.

கடைசிப் பாட்டைப் பதிவு செய்த அன்றும் கூப்பிட்டாய். டோம்பிவிலிக்கு வீடு பார்க்கப் போகிறேன் என்றேன். பொய். வெறும் சோம்பல். மறுநாள் காலையில் நீ எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார்கள்.

அந்தப் பாட்டை முடித்துத் தரச்சொல்லி அக்கா அறைச் சாவியைக் கொடுத்தாள். ஆனால் அவளை அரித்தது வேறு. "கடைசி நாளு பூரா அவன் தனியாவா கிடந்தான்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பாள். நான் அவளுக்கு எதிரே உட்காரவே பயந்தேன்.

சத்தத்தைச் சுத்தம் செய்வது எப்போதும் என் வேலை. நீ ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துத்தான் பதிவு செய்வாய், அறையில் இருப்பதெல்லாம் உள்ளே வந்துவிடும். உன் அறையில், உன் கம்ப்யூட்டரில் இரைச்சலை வடிகட்டினேன். பேஸ் மட்டும் தெளிவாக நின்றது, நீ எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. நீக்கியதை மட்டும் தனியாகக் கேட்க அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன்.

பேஸ் மறைந்து அறை வந்தது. ஃபேன். தெருவில் ரிக்‌ஷா. உன் மூச்சு. என் வரிகளுக்காக நீ வாசிக்காமல் விட்டிருந்த எட்டுச் சுற்று தொடங்குமுன் உன் குரல்: "மக்கா, கேபிள மிதிக்காத. கொஞ்சம் தள்ளி உக்காரு."

பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்தது.

"ஆங், இப்ப சொல்லு" என்றாய். எட்டுச் சுற்றும் ஃபேன் சத்தம் மட்டும். பிறகு, "சூப்பர்லே" என்று சிரித்தாய். பட்டப்பகல்தான். திரும்பி நாற்காலியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை. கேட்டு முடித்து மறுபடியும் ஒரு தடவை போடச் சொன்னாள்.

"யார்ட்ட பேசுதான் தம்பி?"

"என்கிட்டதான் அக்கா."

"அன்னிக்கு நீ இருந்தியா?"

"இருந்தேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இத மொதல்லயே சொல்லக்கூடாதா" என்றாள். அதன் பிறகு அவள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தப் பொய்யோடு முடிந்திருந்தால் சுமந்துகொண்டு போயிருப்பேன். ஆனால் இப்போதெல்லாம் அந்த மதியம் எனக்கு ஞாபகம் வருகிறது. பிடரியில் ஃபேன் காற்று படுகிறது. நான் சொன்ன வரிகள்கூட வரிசையாக வருகின்றன, அப்படியே எழுதி அந்த எட்டுச் சுற்றில் பாடிவிட்டேன். ஓர் எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை.

நேற்று கிட்டாரோடு ஒரு பொட்டலமும் கொண்டுவந்தாள், நீ அன்று போட்டிருந்த சட்டை என்று. அவள் பிரிக்குமுன்பே, "மேல் பட்டன் இல்லாத நீலச் சட்டைதான அக்கா" என்று கேட்டுவிட்டேன். ஆமாம் என்றாள்.

நான் அன்று வரவில்லை. நீயாவது சொல், வரவில்லைதானே?