ஏழாவது தட்டு

அண்ணி,

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் யாரோ நொச்சித் தழை வேகவைத்தார்கள். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, அந்த வாடை அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே யாருக்குக் கால் வலி என்று தெரியாது. எனக்கு நினைவு வந்தது நீங்கள்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொதிக்கும் பானைமேல் குனிந்து, "இந்த ஊட்ல சோத்தவிட நொச்சிதான் அதிகமா வேவுது" என்று யாரையும் பார்க்காமல் சொல்வீர்களே, அந்தக் குரல்.

போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகு ஊர் வேகமாக மாறிவிட்டது. ஆவடிப் பக்கம் பட்டாள லாரிகள் இரவும் பகலும் போகின்றன. அண்ணனுடைய சடுகுடு செட்டு பழகிய பொட்டலில் இப்போது முள்கம்பி போட்டிருக்கிறார்கள். பந்தயங்களும் குறைந்துபோயின. உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் எழுதப் போவதில்லை. ஆனாலும் அந்த ஒரு வருஷத்தை முதலிலிருந்து ஒருமுறை எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது.

நம் செட்டு கூலிக்கு ஆடிய செட்டு. அரிசி மில்காரர் நெல் அளந்தார், அண்ணன் ஆட்களைச் சேர்த்தார். தையில் அறுவடை முடிந்து வயல் காய்ந்தால் ஆட்டம் தொடங்கும், சித்திரையோடு முடியும். பூந்தமல்லி, திருநின்றவூர், அதற்கப்பாலும் எங்கே பந்தயம் என்றாலும் அம்பத்தூர் செட்டு போகும். பெண்கள் களத்துக்குப் போவதில்லை. ஒரு பந்தயத்தைக்கூட நீங்கள் முழுதாகப் பார்த்தது கிடையாது. ஆனால் பழகும் நாட்களில் ஏழு பேருக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு, பரிமாறுவது நீங்கள். இலையின் முன்னால் ஒருவன் எப்படி உட்காருகிறான், சாப்பிட்டபின் எப்படி எழுந்திருக்கிறான் என்று ரசம் ஊற்றிக்கொண்டே பார்த்துவிடுவீர்கள். "அவனுக்கு எடது முட்டி போச்சி. மூணு வாரம் தாங்கும்" என்று அடுப்படிக்கு வந்து என்னிடம் மட்டும் சொல்வீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பே அவன் விழுந்ததும் உண்டு, விழாமல் வருஷம் முழுக்க ஆடி உங்கள் முகத்தில் கரி பூசியதும் உண்டு. அப்போது கூசாமல், "நான் போட்ட சோறுடி" என்பீர்கள்.

மத்தியானங்களில் நீங்கள் அரிசியில் கல் பொறுக்குவீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை படிப்பேன். ராஜகுமாரன் மலை தாண்டிப் போகிறான் என்று நான் உருகிப் படிக்கும் இடத்தில், "தாண்ட்னான் சரி, மூச்சு வாங்குச்சா இல்லியா?" என்று கேட்பீர்கள். வாங்கவில்லை என்றால், "அவன நம்ம செட்டுக்கு இஸ்துகினு வா" என்பீர்கள். நான் கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடுவேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "சரி படி, அப்பால இன்னா ஆச்சி?" என்பீர்கள்.

"ஆட்டம் இல்லாத மாசத்துலதான் ஆட்டமே கீது." இதை நீங்கள் அடிக்கடி சொன்னீர்கள். சித்திரை முடிந்ததும் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, எந்த ஊரிலிருந்து யாரை அழைப்பது என்ற பேச்சுதான் நம் வீட்டில். அண்ணன் மில்காரரோடு வாசலில் பேசுவார், நாம் இருவரும் உள்ளே பேசுவோம். எங்கே சரியாக முடிவானது என்பதை இப்போது சொல்லிப் பயனில்லை.

அந்த வருஷம் பூந்தமல்லிப் பந்தயத்தில் நசரத்பேட்டை செட்டிடம் தோற்று வந்திருந்தோம். தோற்றாலும் ஏகாம்பரம் நமக்கு இருந்தான். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்பாதவன். அவனை விடக் கூடாது, நல்ல பிடி உள்ள ஒருவனைச் சேர்த்தால் போதும் என்பது எல்லோருடைய எண்ணமும். செய்ய வேண்டியது ஒன்றுதான், தாம்பூலம் கொடுப்பது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு துண்டு. அதைக் கையில் வாங்கியவன் அடுத்த சித்திரை முடியும்வரை வேறு செட்டுக்குப் போகக் கூடாது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, அந்தத் தட்டுதான் எல்லாம். அண்ணன் அதை ஆவணி பிறந்துதான் கொடுப்பார். ஆடியில் நம் வீட்டில் ஒரு புது உலக்கைகூட வாங்க மாட்டார்கள்.

"மாமா, நசரத்பேட்ட செட்ட நடத்தற அந்த வாத்தியாரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. அவங்களுக்கு ஏது ஆடி?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் அண்ணனுக்கு அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாமா என்று கூப்பிட்ட உரிமையில் எதையும் கேட்பீர்கள். அண்ணன் சிரித்தார். "அவருக்கு இல்லன்னா ஏகாம்பரத்துக்கு ஆடி இல்லாம பூடுமா? போய் மோர் கொண்டா."

ஆடி முடிவதற்குள் ஏகாம்பரம் ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். பழத்தைப் பார்த்ததுமே நீங்கள் கதவுக்குப் பின்னால் என் கையைக் கிள்ளினீர்கள்.

"அண்ணாத்தே, கோச்சிக்காத. வாத்தியாரு ஊட்டாண்ட வந்துட்டாரு."

"தாம்பூலம் வாங்கிட்டியா?"

"அவரு எங்க வெத்தல தராரு? டீயும் பன்னும் குடுத்தாரு. துன்னுட்டேன்."

"பன்னு துன்னா ஆச்சா? அதெல்லாம் தாம்பூலமாடா?"

"நானும் அப்டித்தான் அண்ணாத்தே நென்ச்சேன். துன்னு முட்ச்சதும் கையப் புடிச்சிகினு கண்ண மூடி ஜபம் பண்ட்டாரு. சாமி மேல போன அப்பால நான் இன்னா பண்ணட்டும்?"

அண்ணனால் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. நீங்கள் வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டு, "நல்லா ஆடு. எங்க பக்கம் வரும்போது மட்டும் கால் தடுக்கி உழு" என்றீர்கள். ஏகாம்பரம் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதுவரை எல்லாம் வேடிக்கைதான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் சொன்னார், "எவனும் வேணாம். நானே பாடிப் போறேன்."

உங்கள் கையில் இருந்த கரண்டி நின்றது எனக்குத் தெரியும். அந்த நொச்சியெல்லாம் அண்ணனுக்காகத்தான் வெந்தது என்பதை வீட்டில் நாம் இரண்டு பேர்தான் அறிவோம். வலது முழங்கால். இரண்டு வருஷமாகவே அவர் பாடிப் போவதில்லை, பின்னால் நின்று பிடிப்பதோடு சரி. ஆட்கள் எல்லோரும் எழுந்து கைகழுவப் போகும்வரை இலைமுன் உட்கார்ந்து பேச்சை வளர்ப்பார். பிறகு யாரும் பார்க்காதபோது தரையில் கை ஊன்றி எழுவார். பாடிப் போகிறவன்மேல் ஐந்து பேர் விழுவார்கள். அந்தக் கால் ஒருமுறை மடங்கினால் அவர் களத்தை விடுவது மட்டுமல்ல, ஏர் பிடிப்பதையும் விட வேண்டியதுதான். உங்கள் சித்தப்பா அப்படித்தான் ஆனார் என்று அன்றுதான் சொன்னீர்கள். பந்தயத்தில் விழுந்து, கடைசிவரை கயிற்றுக் கட்டிலில்.

"நீ சொல்லேன். படிச்ச பொண்ணு, கேப்பாரு" என்றீர்கள். சொன்னேன். உடம்பைப் பற்றி, எலும்பைப் பற்றி, நான் படித்ததையெல்லாம் கோத்துச் சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஷோக்கா பேசறியே, பள்ளிக்கூடத்துல உன்ன வாத்தியாரம்மா ஆக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பழகப் போய்விட்டார். நீங்கள் என்னைக் கேலி செய்யவில்லை. "அவருக்குத் தெரியாததையா நீ சொன்னே? தெரிஞ்சிதான் போறாரு. எல்லாரும் இவரத்தான பாத்துகினு கீறாங்க. அவங்க எதிர்க்க எப்டி எறங்கறதுன்னு தெரியல, அவ்ளோதான்" என்றீர்கள்.

அதன்பிறகு நீங்கள் ஆள் தேடத் தொடங்கினீர்கள். வீட்டை விட்டு வெளியே போகாமலே. வைக்கோல் கொண்டுவரும் நூம்பல் ஊர் வண்டிக்காரர் கன்னியப்பன் ஏரிக்கரைத் திருப்பத்தில் மாட்டை அதட்டத் தொடங்கினால், நம் வாசல் வரும்வரை அந்தக் குரல் அறுபடாது. எத்தனையோ தடவை கேட்ட குரல்தான். அன்று நீங்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மே, இந்த ஆளு நடுவுல மூச்சே உடலியே" என்றீர்கள். அன்று அவருக்குச் சாப்பாடு போட்டீர்கள். மறு சோறும் போட்டீர்கள். வயிறு நிறைய உண்டபிறகு இலையை எடுத்துக்கொண்டு கை ஊன்றாமல் எழுந்தார். அவர் ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு மட்டும் ஆடுவாராம். கூலிக்கு ஆடியதில்லை.

ஆவணி பிறந்தது. முகூர்த்த நாளில் விளக்கேற்றி, ஏழு தட்டு வைத்தீர்கள். பிடிக்கென்று புதிதாகச் சேர்த்தவன் உட்பட ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து அண்ணன் ஆறு தட்டுகளைக் கொடுத்தார். ஏழாவது எப்போதும் அவருடையது. அதை நீங்கள்தான் எடுத்து அவர் கையில் தருவீர்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து அதுதான் வழக்கம். மில்காரர் நாற்காலியில் இருந்தார். வைக்கோல் இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லியிருந்த கன்னியப்பன் தூணோரம் நின்றார்.

நீங்கள் தட்டை எடுத்தீர்கள். அண்ணன் கை நீட்டினார். நீங்கள் கொடுக்கவில்லை.

"இது நூம்பலாருக்கு மாமா," என்றீர்கள். "உங்க கையால குடுங்க."

அண்ணனின் கழுத்து சிவந்ததை நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன். யாரோ ஒருவன் தொண்டையைச் செருமினான். நீங்கள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை.

"அப்போ எனக்கு?" என்றார் அண்ணன். கோபக் குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டார்.

"வெளிய நின்னு கத்தறதுக்கு ஒரு ஆளு வோணுமே மாமா. நம்ம பசங்க பாட்டுக்கு ஆடிகினு கீறானுங்க, ஒருத்தன் பேச்ச ஒருத்தன் கேக்கறதில்ல. அந்த வேலைக்கு யாரு கீறாங்க? மொதலாளியா வந்து கத்துவாரு?"

மில்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்புக்குள் அண்ணன் இறங்குவதற்கு ஓர் இடம் கிடைத்தது. அவர் உங்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டை வாங்கினார். "இந்தாப்பா நூம்பலு. சும்மா கெடச்ச எடம் இல்ல இது. மானத்த வாங்கிடாத" என்று கன்னியப்பன் கையில் வைத்தார்.

கன்னியப்பன் மிரண்டுபோய், "நான் வைக்கோல் போட வந்தேங்க" என்றார்.

உங்களோடு அண்ணன் புரட்டாசி வரையில் பேசவில்லை. சாப்பிட உட்காருவார், எழுந்து போவார். நீங்கள் ஒருமுறைகூட என்னிடம் வருந்தியதில்லை. ஆனால் அந்த நாட்களில் நான் கதை படித்தபோது நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் எங்கே நிறுத்தினேன் என்பதுகூட உங்களுக்குத் தெரியவில்லை.

இதை ஒரு கதையாக எழுதியிருந்தால் நாம் பந்தயத்தில் ஜெயித்திருப்போம். நாம் மறுபடியும் நசரத்பேட்டையிடம் தோற்றோம். ஏகாம்பரம் கால் தடுக்கி விழவில்லை. ஆனால் கன்னியப்பன் அவனையே ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பினார் என்று சொல்லிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குள் வந்தார். குரல் கம்மிப் போயிருந்தது, அவ்வளவு கத்தியிருக்கிறார். ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை உங்களுக்கு விவரித்தார். யார் எங்கே நின்றான், இவர் என்ன கத்தினார், அவன் அதைக் கேட்டானா. உள்ளே நின்று ஆடிய வருஷங்களில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. ஒரு பந்தயத்தை நீங்கள் முழுதாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்று சாப்பிட்டு முடித்து ஆட்கள் இன்னும் கூடத்தில் இருக்கும்போதே நீங்கள் அண்ணன் பக்கத்தில் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். யாரிடமோ ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் உங்கள் தோளைப் பிடித்து எழுந்தார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. அதன்பிறகு தினமும் அப்படித்தான். ஆட்கள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவர் கை தரையைத் தேடியதை நான் பார்க்கவில்லை.

நீங்கள் போனபின் சில நாட்கள் அவர் மறுபடி எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தார். நான் பார்த்தும் பாராதது போல இருந்தேன். எனக்குக் கூச்சம், அவருக்கும்தான். ஒரு நாள் மோர்ச் செம்போடு பக்கத்தில் போய்த் திரும்பி நின்றேன். மழை வருமா என்று வாசலைப் பார்த்துக் கேட்டேன். தோளில் கை விழுந்தது. இவ்வளவு பாரம் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அண்ணி. கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டேன். "வரும்போலத்தான் கீது" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார்.