சித்ராவுக்கு மறுத்த பரிசோதனை

அன்புள்ள அகல்யாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை விக்ரமும் மெல்போர்ன் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம், மற்றபடி சுகம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டு என்னைத் திட்டு.

உன் அக்கா சித்ரா மறுபடி உண்டாகியிருப்பது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு தெரியாது. அவள் மூத்த பிள்ளை கிரணுக்கு வந்திருக்கும் தசைச் சிதைவு நோய் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு இறங்குவது, பனிக்குட நீரை எடுத்து மரபணுப் பரிசோதனை செய்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று அவனைப் பார்க்கும் டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்தார். கிரண் இப்போதெல்லாம் தரையிலிருந்து எழுந்திருக்கத் தன் தொடையையே கையால் பிடித்துப் பிடித்து ஏறுகிறான், கள்ளிக்குப்பம் வீட்டு மாடிப்படியில் அவன் அப்பாதான் தூக்கிக்கொண்டு போகிறார். சரி என்று இங்கே பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்ததுமே, "இதெல்லாம் இப்ப நாங்க எடுக்கறதில்லம்மா, ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிடற டெஸ்ட் இது, பாரத்துல ஒரு கட்டம் விட்டுப்போனாலே குத்தம்னு சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லியாச்சு, நாளைக்கு சீல் வச்சா நீங்களா வந்து நிப்பீங்க" என்று சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார். பாடிப் பக்கம் இன்னொரு இடத்திலும் அதே பாட்டு. அங்கே மேனேஜர் என்று உட்கார்ந்திருந்தவன் சிரித்துக்கொண்டே, "ஆம்பளப் புள்ள வேணாம்னு வர்ற குடும்பத்த இப்பதாம்மா பாக்கறேன்" என்றான். சித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மேல் வீட்டு வக்கீல் அப்துல் ரசாக் சட்டத்தையே எடுத்துப் படித்துக் காட்டினார். "ஆணா பொண்ணான்னு சொல்லக்கூடாது, அவ்ளோதாம்மா. இந்த மாதிரி நோய்க்குப் பாக்கலாம்னு இதே சட்டத்துல இருக்கு. பதிவ ஒழுங்கா வைன்னுதான் கோர்ட்டு சொல்லுச்சு, டெஸ்ட்டே பண்ணாதன்னு சொல்லல" என்றார். இரண்டு பெண்களைப் பெற்றவள் நான். நீ பிறந்தபோது "மறுபடியும் பொண்ணா" என்று கேட்டவர்களை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பெண் பிள்ளையைக் காப்பாற்ற வந்த சட்டத்தைக் காட்டி என் பெண்ணைத் துரத்துகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. நேரே அந்தப் பாடி சென்டருக்குப் போய் ஹாலில் நின்று, "எங்களுக்கு ஆணும் வேணாம் பொண்ணும் வேணாம், நோவு இல்லாத புள்ள வோணும், பாக்க முடியாதுன்னா இன்னா காரணம்னு எழுதிக் குடுய்யா" என்று சத்தம் போட்டேன். எழுதித் தரவில்லை, அந்த மேனேஜர் வாட்ச்மேனை அனுப்பினான். இதற்கு நடுவில் சித்ராவின் மாமியார் சரசா வேறு அயனம்பாக்கத்திலிருந்து வந்து, "உங்க ஊட்டு ரத்தத்துல கீற கோளாறுதான் என் பேரன் கால முடக்கிச்சு, இன்னும் இன்னா டெஸ்ட்டு" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆமாம், என் ரத்தம்தான், நானே பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டேன், அதற்காக நான் யாரிடமும் தலை குனியப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் நகரத்துக்குள் ஒரு அரசு மருத்துவமனையில், எங்களைச் சந்தேகமாகப் பார்க்காத ஒரு பெண் டாக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தானும் போட்டு, மளமளவென்று செய்துகொடுத்தார். வயிற்றில் இருப்பதற்கு அந்த நோய் இல்லை அகல்யா. ஆணா பெண்ணா என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சித்ரா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஜெபா என்கிற பெண்ணுக்கும் இதே கதைதான், மூத்த பையனைப் பறிகொடுத்தவள். ஆவடியில் ஆரம்பித்து அவளையும் இடம் இடமாக விரட்டியிருக்கிறார்கள். அவள் வந்து சேர்ந்தபோது மாதம் ஏறிவிட்டது, இனி முடிவு வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அதே டாக்டர் கண் கலங்கிச் சொன்னார். ஜெபா டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அவளைத் திருப்பி அனுப்பினவர்கள் மேல் எந்தக் கோர்ட் வழக்குப் போடும், சொல்.

இப்போது உன் விஷயம். என்னிடமிருந்து சித்ராவின் ரத்தத்துக்கு வந்த கோளாறு உனக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. இந்த வருஷம் குழந்தை பெற நினைக்கிறாய், ஆனால் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னால், "அவருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரோ" என்கிறாய். இங்கே உன் அக்கா கர்ப்பத்தோடு வாசல் வாசலாக ஏறிக் கெஞ்சினாள், லேசில் கிடைக்கவில்லை. அங்கே உன்னை யாரும் தடுக்கவில்லை, நீயே தடுத்துக்கொள்கிறாய். அந்த மேனேஜர் மேல் வந்த கோபத்தைவிட இது எனக்குப் பெரிய கோபம். விக்ரம் நல்ல பிள்ளை, சொன்னால் புரிந்துகொள்வார். புரியவில்லை என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அம்மன் உன்னை நிறைந்த வயிறோடும் நிம்மதியோடும் வைக்கட்டும். டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பு. அதுவரைக்கும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு நான் போன் செய்யமாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா வசந்தா,
அம்பத்தூர்.